கல்யாணத்துக்குப் பின்னால் இருந்த ஜூஜிட்சு

"அம்மா, இதையா பாத்துப் படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு மகள் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினாள். என் போன் அவள் கையில் இருந்தது. அதில் தடித்த வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு ஆண்கள் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒருவரோடு ஒருவர் பின்னிக்கொண்டு தரையில் கிடந்தார்கள். பின்னணியில் ஒரு பழைய காதல் பாட்டு உருகி வழிந்துகொண்டிருந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. பெற்ற பிள்ளை என்றாலும் சில சிரிப்பைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அவளுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும், அதுதான் பிரச்சினை. கொழும்பில் வேலை செய்கிறாள். வேலை விட்டதும் பிரேசில் ஜூஜிட்சு வகுப்புக்குப் போகிறாள். குத்துவதும் உதைப்பதும் இல்லாமல், ஆளைக் கட்டிப் பிடித்து விழுத்தி, கையையோ கழுத்தையோ பூட்டி அடக்குகிற வித்தை அது. விடுமுறைக்குக் கண்டிக்கு வந்தால் எங்கள் வீட்டு நடு அறையில் கதிரைகளை ஓரமாக்கிவிட்டு உருளுவாள்.

"இங்க பாருங்க, இவரு எவ்வளவு நேரமா கால இப்பிடி நீட்டி வச்சிருக்காரு. இப்ப யாராச்சும் இப்பிடி வச்சா கால பூட்டி நொண்டியாக்கிருவாங்க. இதெல்லாம் காலாவதியாகிப் போச்சும்மா" என்றாள்.

மருந்துக்கடையில் பாதி ஆயுளைக் கழித்தவளிடம் காலாவதியைப் பற்றிப் பேசுகிறாள்.

"பின்ன, மணிக்கட்டப் புடிச்சா எப்பிடி உருவுறதுன்னு இவ்வளவு நேரமா காட்டுறாரு! எங்க வகுப்புல இதெல்லாம் இப்ப யாரும் சொல்லித் தர்றதே இல்ல. யாரும்மா வந்து மணிக்கட்டப் புடிக்கப் போறா?"

போனை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன். யார் பிடிக்கப் போகிறார்களாம்! போனில் இருந்த அந்தப் படம் முதலில் ஒரு வீடியோக் கசட்டாக இருந்தது. அந்தக் கசட்டினால்தான் என் அறைத்தோழி பொலிஸ் ஜீப்பில் ஏறவிருந்தாள். அதே கசட்டினால்தான் ஏறாமல் தப்பினாள். அந்தக் காலத்தில் ஏறியவர்கள் எல்லாரும் திரும்பி இறங்கவில்லை.

யுத்த காலம் அது. நான் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றேன். நகரத்துக்கு மேலே, படிக்கட்டாக ஏறுகிற ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரியை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். அவருடைய கணவர் சவூதியில் இருந்தார். அறையில் என்னோடு இருந்தவள் யாழ்ப்பாணத்துக்காரி, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். குள்ளமாக, ஒல்லியாக, குடையைவிடக் கொஞ்சம் கனமாக இருப்பாள். யாராக இருந்தாலும் 'நீர்' போட்டுத்தான் பேசுவாள். நான் முதல் நாளே 'நீ'க்கு இறங்கிவிட்டேன். அவள் கடைசி வரை இறங்கவில்லை.

கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் எங்கள் ஒழுங்கையில் அடையாள அட்டை பார்ப்பார்கள். ஊர் விழிப்புக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் ஒருவன் ஒழுங்கையின் அடிப்படியில் பின்னேரம் தோறும் நிற்பான். என் அட்டையைப் பார்த்ததும் தோட்டத்துக்காரி என்று கையை ஆட்டி அனுப்பிவிடுவான். அவளுடைய அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அதை அவன் லேசில் திருப்பிக் கொடுக்க மாட்டான். முதலில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதை கேட்டான். பிறகு ஒருநாள் தன்னோடு ஏரிக்கரைக்கு நடக்க வரச் சொன்னான். அதற்குப் பிறகு மணிக்கட்டைப் பிடிக்கத் தொடங்கினான். "உன்னைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னால் போதும், ஜீப் வரும்" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொல்வானாம்.

முறைப்பாடு செய்யப் போனால் முதல் கேள்வி அவளிடம்தான் வரும். நீ ஏன் கண்டிக்கு வந்தாய், உன் அண்ணன் தம்பிமார் எங்கே, இயக்கத்தில் யாரைத் தெரியும். ஒழுங்கைக்கோ வேறு வழி கிடையாது. வீட்டுக்கு வந்தால் அந்தக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள். கழுவி முடித்துத் திரும்பவும் கழுவுவாள்.

எனக்குத் தெரிந்த தற்காப்பு ஒன்றே ஒன்றுதான். தமிழர்களைத் தேடி அடித்த கலவர வருடத்தில் நான் சின்னப் பிள்ளை. நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்குள் எங்களைப் படுக்க வைத்து, அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் போடாமல் படுத்துக் கிடப்பதில் நான் கெட்டிக்காரி. ஆனால் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோசனம்? அவளுக்கும் அது நன்றாகத் தெரிந்துதான் இருந்தது.

ராத்தாதான் வழி சொன்னார். "தம்பிட கடையில கசட் ஒண்டு ஈக்கி புள்ள. ரெண்டு பேர் கட்டிப் புரண்டு சண்ட புடிக்கிற கசட். கீழ கெடக்கிறவன்தான் வெல்லுறானாம். நமக்கு அதானே வேணும்?" என்றார். 'இருக்கு' என்பது ராத்தா வாயில் 'ஈக்கி'தான். ராத்தாவின் தம்பி வீடியோக் கடை வைத்திருந்தார், கல்யாண வீடுகளில் படமும் பிடிப்பார். வளைகுடாவிலிருந்து வந்த யாரோ அந்தக் கசட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யன்னல் எல்லாம் சாத்திவிட்டு மூன்று பேரும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். கசட் ஓடத் தொடங்கியது. ஒரு கல்யாணம்! பளீரென்ற நிறத்தில் மாப்பிள்ளை வருகிறார், ஆட்கள் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணி சாப்பிடுகிறார்கள், ஒரு குழந்தை கமராவுக்குள் மூக்கை நுழைக்கிறது. "அல்லாவே, இது எங்கட சாச்சாட மகன்ட கலியாணம்!" என்று ராத்தா எழும்பிவிட்டார். வெற்றுக் கசட் இல்லாத அவசரத்தில் தம்பி கல்யாணத்தை இதன் மேலேயே பதிந்திருந்தார். நாங்களும் வேறு வழியில்லாமல் கல்யாணத்தைப் பார்த்தோம். பெண் கண்ணைத் துடைக்கிற இடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளி, நிறம் எல்லாம் செத்து, இரண்டு ஆண்கள் தரையில் ஒருவர் மேல் ஒருவர் கிடந்தார்கள்.

ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "சீ, இதென்ன மனிசனுகள்!" முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. கல்யாணப் படம் என்றால் அந்தக் காலத்தில் உள்ளே இருக்கிற சத்தத்தை அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டுப் போடுவார்கள். தம்பியும் போட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்ததும் நிறுத்த வேண்டியதை மறந்து ஜும்ஆவுக்குப் போய்விட்டார். அவர் தொழுதுவிட்டு வரும் வரைக்கும் ஜூஜிட்சு முழுக்கப் பாட்டு ஏறிவிட்டது. ஆக, படிப்பிக்கிற மனிதர் வாயை அசைப்பார், விரலை நீட்டுவார், எதையோ இரண்டு தரம் அழுத்திச் சொல்வார். எங்களுக்கு வந்து சேர்ந்தது எல்லாம் நிலவும் தென்றலும்தான். தொடக்கத்தில் அவர் என்ன சொன்னார் என்பது புரியாணிக்குக் கீழே போய்விட்டது.

அப்படித்தான் படித்தோம். ராத்தாவின் பஞ்சு மெத்தையைத் தரையில் போட்டு, ஹவுஸ்கோட்டுக்குள்ளே காற்சட்டை போட்டுக்கொண்டு, கொலரைப் பிடித்து இழுப்பதற்கு ராத்தாவின் கணவருடைய குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு புரளுவோம். ராத்தா வீடியோ டெக்குக்குப் பக்கத்தில் இருந்து கண்காணிப்பார். "ஏய், அந்தக் கால் அப்பிடி இல்ல, அவன்ட கால் உள்ளுக்கு ஈக்கி!" என்று அதட்டுவார். பிறகு பொறுக்க முடியாமல் தானும் இறங்குவார். அவர் மேலே ஏறி உட்கார்ந்தால் எந்த வித்தையும் செல்லாது, அது வேறு கதை.

இப்போது யோசித்தால், அந்தக் கசட்டில் ஒரு நல்ல குணம் இருந்தது. ஒரே கமரா, அசையாமல் நிற்கும். மனிதர் அவசரப்பட மாட்டார். மணிக்கட்டைப் பிடித்தால், பிடித்தவனுடைய நாலு விரலும் இருக்கிற பக்கம் இழுக்காதே, பெருவிரல் இருக்கிற பக்கம்தான் வாசல், அதால் உருவு. இதை அவர் முன்னாலிருந்து காட்டுவார், பின்னாலிருந்து காட்டுவார், மெதுவாகக் காட்டுவார். மேலே ஒருவன் ஏறி உட்கார்ந்தால் அவனுடைய ஒரு கையை நெஞ்சோடு அணைத்துக்கொள், அதே பக்கத்துக் காலை உன் காலால் மறி, இடுப்பை உயர்த்தி அந்தத் தோள் பக்கமாகப் புரட்டு. பேச்சே இல்லாமல் எங்களுக்கு விளங்கியது. மகள் பார்க்கிற புது வீடியோக்களில் ஆட்கள் பாம்பு மாதிரி வளைகிறார்கள். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று பூட்டு முடிந்துவிடுகிறது. எனக்குத் தலைதான் சுற்றுகிறது.

ஒன்றே ஒன்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொரு பூட்டின் முடிவிலும் பூட்டுப்பட்டவர் உள்ளங்கையால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே மற்றவர் விட்டுவிடுவார். இரண்டு பேரும் எழும்பிச் சிரிப்பார்கள். இது என்ன? என் தோழி சின்ன வயதில் பரதம் படித்தவள். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

"உது நிலத்தைத் தொட்டுக் கும்பிடுறது. ஆடி முடியேக்க நாங்களும் செய்யிறனாங்கள். தொட்டுக் கண்ணில ஒத்துறது."

"கண்ணுல ஒத்தலியே அவன்?" என்றேன்.

"வெள்ளைக்காரன் அரைகுறையாச் செய்யிறான். நாங்கள் ஒழுங்காச் செய்வம்."

ஒழுங்காகவே செய்தோம். ஒருத்தி பூட்டுவாள், மற்றவள் "ஆ!" என்று அலறுவாள், பூட்டியவள் விடுவாள். பிறகு இரண்டு பேரும் சம்மணம் போட்டு, தரையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நிலத்தைக் கும்பிடுவது தன் மார்க்கத்தில் இல்லை என்று ராத்தா மட்டும் கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டுவார். என் தோழி என் கழுத்தை நெரித்துக்கொண்டே "நோகுதெண்டாச் சொல்லும்" என்பாள். கழுத்தை நெரித்தால் எப்படிச் சொல்வது? அவளுடைய மரியாதைக்கு ஒரு எல்லை இல்லை.

நடந்தது ஒரு மழைப் பின்னேரம். நான் பாணும் குடையுமாகப் படியேறிக்கொண்டிருந்தேன். வளைவைத் தாண்டியதும் மேலே, படிகளுக்கு நடுவே இருக்கும் மட்டமான இடத்தில், அவளும் அவனும் நிற்பது தெரிந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் பெருவிரல் பக்கமாக உருவினாள். கசட்டில் இருந்த மாதிரியே கை வந்தது. அவன் ஒரு கணம் தன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு பாய்ந்து தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் மல்லாக்க விழுந்தாள், அவன் மேலே விழுந்தான்.

என் கால் அசையவில்லை. தேயிலைக்குள் படுத்துக் கிடந்த அதே பிள்ளையாகிவிட்டேன். ஆனால் அவள் படுத்துக் கிடக்கவில்லை. அவனுடைய கையை நெஞ்சோடு அணைத்தாள், காலால் காலை மறித்தாள், இடுப்பை ஒரு உயர்த்து உயர்த்தினாள். அவன் ஈரச் சீமெந்தில் புரண்டு குப்புறப் போனான். அணைத்த கை இன்னும் அவளிடம் இருந்தது. முழங்கையை நீட்டிப் பிடித்து, அதன் மேல் தன் பாரம் எல்லாவற்றையும் சாய்த்தாள். அவன் கத்தினான். மற்றக் கையால் தரையில் பட்டுப் பட்டென்று அடித்தான்.

அவள் விட்டுவிட்டாள்.

அவன் எழும்பிக் கையைப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கி ஓடினான், என்னைத் தாண்டித்தான் ஓடினான். நான் குடையை அவனுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். அன்று என்னுடைய வீரம் அவ்வளவுதான்.

"ஏம்ப்பா விட்ட? முறிச்சிருக்கணும் அவன் கைய!" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

அவள் மழையில் நனைந்தபடி நின்றாள். முகம் தெளிந்திருந்தது. "அவன் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டவன், நீர் காணேல்லையே? மன்னிப்புக் கேக்கிறவன்ர கையை எப்பிடி முறிக்கிறது?" என்றாள். அன்று அவள் கையைக் கழுவவில்லை. நான் கவனித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது.

அவன் போய்ச் சொல்லியிருக்கிறான். அட்டையைக் கேட்டதற்கு யாழ்ப்பாணத்துப் பெண் தன்னைத் தூக்கிப் போட்டுக் கையைப் பூட்டினாள், இது யாரோ பழக்கிய சண்டை, சாதாரணப் பொம்பிளைக்கு இது தெரியாது என்று. ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் பொலிஸும் வீட்டுக்குள் வந்தார்கள், சாரதி வெளியே நின்றார். இன்ஸ்பெக்டர் வயிறு வைத்த, நிதானமான மனிதர். கதிரையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். என் தோழிக்குக் கந்தோர்ச் சிங்களம் மட்டும் தெரியும், மீதியை ராத்தா சொன்னார்.

"யார் பழக்கியது?" என்று கேட்டார்.

"கசட் பார்த்துப் பழகினோம்" என்றேன்.

"கசட் பார்த்து ஒருவராலும் இப்படிப் பழக முடியாது. என் மனைவி டீவியில் பார்த்துக் கேக் போட்டாள், நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனது." அவர் சிரிக்கவில்லை. "சரி, கசட்டைப் போடுங்கள். அதில் இருப்பதைச் செய்து காட்டுங்கள். கசட்டில் இல்லாத ஒன்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால் ஜீப்பில் ஏற வேண்டும்."

ஏற வேண்டும் என்பது ராத்தா மொழிபெயர்க்காமலே என் தோழிக்கு விளங்கியது. அவள் என் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

கசட் ஓடியது. மாப்பிள்ளை வந்தார். "இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர். கல்யாணம் என்றார் ராத்தா. முன்னுக்கு ஓட்டச் சொன்னார். "ஓட்டினால் டெக் நாடாவைத் தின்றுவிடும் சேர்" என்றார் ராத்தா. அது உண்மைதான், அந்த டெக் அப்படிப்பட்டது. ஆகவே பொலிஸும் நாங்களும் உட்கார்ந்து கல்யாணம் பார்த்தோம். ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்தார். இன்னார் என் மாமா, இன்னார் மாப்பிள்ளையின் உம்மா என்று உறவுமுறை சொன்னார். பெண் பொலிஸ் மணப்பெண்ணின் நகையை உற்றுப் பார்த்தாள். நான் உள்ளுக்குள்ளே எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

படம் துள்ளியது. கறுப்பு வெள்ளை வந்தது. இன்ஸ்பெக்டர் முன்னுக்குச் சாய்ந்தார். பொலிஸில் சேர்ந்த புதிதில் அவர் ஜூடோ பழகியவராம், அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மெத்தையைப் போட்டோம். ஹவுஸ்கோட்டும் ஜாக்கெட்டுமாக நானும் அவளும் அந்தக் காதல் பாட்டுக்கு மணிக்கட்டை உருவினோம், புரட்டினோம், எழும்பினோம். அவர் டீவியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் புருவம் இறுகுவது எனக்குத் தெரிந்தது. நாங்கள் நன்றாகச் செய்துகொண்டிருந்தோம். நன்றாகச் செய்யச் செய்ய அவள் ஜீப்புக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியாகக் கைப்பூட்டு வந்தது. அவள் என் கையைப் பூட்டினாள். "நோகுதெண்டாச் சொல்லும்" என்றாள். நான் "ஆ!" என்றேன். விட்டாள். இரண்டு பேரும் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் மெத்தையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டோம். ராத்தா டெக்குக்குப் பக்கத்தில் இருந்து, பழக்கதோஷத்தில், கையை நெஞ்சில் வைத்துத் தலையை ஆட்டினார்.

"அது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கும்பிடுறது" என்றாள் அவள். "கசட்டிலையும் இருக்கு. அந்தாள் நிலத்தைத் தட்டுறார்."

அவர் டீவியைப் பார்த்தார். அங்கே ஒருவர் பூட்டுப்பட்டு, தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மனிதர் தொப்பி கீழே விழ விழச் சிரித்தார். பெண் பொலிஸும் காரணம் தெரியாமல் சிரித்தாள். எங்களுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் விளக்கினார். தரையைத் தட்டினால் நோகிறது, போதும், விடு என்று அர்த்தம். தட்டிய உடனே விட வேண்டும். எந்த வாத்தியாரிடம் போனாலும் முதல் நாள், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், இதைத்தான் சொல்லிக் கொடுப்பார். "உங்களை ஒரு மனிதன் பழக்கியிருந்தால் இது தெரியாமல் இருக்க முடியாது. கும்பிட்டார்களாம், கும்பிட்டு!" என்று மறுபடியும் குலுங்கினார். அந்த முதல் பாடம் இருந்த இடத்தில்தான் ராத்தாவின் சொந்தக்காரர்கள் புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழும்புவதற்கு முன்னால் அவர் ஒன்று மட்டும் கேட்டார். "அவன் அட்டையைத்தானே கேட்டானாம். பிறகு ஏன் உனக்கு மணிக்கட்டை உருவ வேண்டி வந்தது?" அவள் ஜாக்கெட் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். நாலு விரலும் ஒரு பெருவிரலும் நீலமாகப் பதிந்திருந்தன. அவர் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். "அவனோடு நான் பேசுகிறேன்" என்றார். பேசினாரா என்று எங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு அவன் அடிப்படியில் நிற்கவில்லை, எதிர்ப்பக்கக் கடை வாசலில் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். கசட்டைக் கொண்டுபோகவா என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது ராத்தா விடவில்லை. "கலியாணம் ஈக்கி சேர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்.

அந்தக் கல்யாணக்காரர்கள் இப்போது பாட்டன் பாட்டி. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ராத்தாவின் தம்பி மகன் கசட்டை முழுதாகக் கணினியில் ஏற்றினான். கல்யாணத்தோடு ஒட்டிக்கொண்டு ஜூஜிட்சும் வந்து சேர்ந்தது. அதைத்தான் ராத்தா எனக்கு அனுப்பினார், அதைப் பார்த்துத்தான் மகள் சிரித்தாள். பழசு செல்லுமா செல்லாதா என்றால், அவள் சொல்வதில் பாதி சரி. காலை அப்படி நீட்டக்கூடாதுதான். நான் அவளோடு உருண்டால் ஒரு நிமிடம் தாங்க மாட்டேன். ஆனால் அவளும் அவளுடைய வகுப்பும் கழித்துவிட்ட அந்த மணிக்கட்டுப் பாடம் எங்களுக்கு வேண்டியிருந்தது. எங்களைப் பிடித்தவர்கள் அங்கேதான் பிடித்தார்கள். அவளை யாரும் அப்படிப் பிடிக்காத காலத்தில் அவள் இருக்கிறாள் என்றால், அவளுக்கு அது காலாவதியாகவே இருக்கட்டும். எனக்குச் சந்தோஷம்தான்.

அன்று ஜீப் போன சத்தம் ஒழுங்கைக்குக் கீழே அடங்கிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ராத்தா இரண்டு ரக்அத் தொழ உள்ளே போனார். நான் மெத்தையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், தப்பித்த சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அவன் கும்பிடேல்ல" என்றாள்.

"யாரு?"

"அண்டைக்கு, படியில. அவன் மன்னிப்புக் கேட்டவன் எண்டு நினைச்சன். அவன் நோகுது எண்டு மட்டும்தான் சொல்லியிருக்கிறான்."

அந்த மன்னிப்பை அவள் அத்தனை நாளும் உள்ளே வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. என் கையை நீட்டினேன். "வா, பூட்டு. இப்பவாச்சும் சரியா செய்வோம்."

அவள் பூட்டினாள். நோகும் வரைக்கும் நான் காத்திருந்தேன். பிறகு வாயைத் திறக்காமல் மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் சட்டென்று விட்டாள்.

"திரும்பத் தட்டும்" என்றாள். திரும்பப் பூட்டினாள். தட்டினேன், விட்டாள். இன்னும் ஒருமுறை. விட்டுவிட்டுத் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"விடுறது இவ்வளவு லேசே? நான் அவனிட்ட எத்தினை தரம் விடச் சொல்லிக் கேட்டனான்" என்றாள். பிறகு, கண்டிக்கு வந்த நாளிலிருந்து அழாத அழுகை எல்லாவற்றையும் சேர்த்து, ராத்தா தொழுகையை முடித்துக்கொண்டு ஓடி வரும் அளவுக்குச் சத்தமாக அழுதாள். நான் அவள் வாயைப் பொத்தவில்லை.